தேங்காய் வகுப்பு

ஏப்ரல் 3, வியாழன்

கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது. இது இரண்டாவது பக்கம்.

இன்று காலை வெயிலில், எங்கள் பொறியியல் கல்லூரியின் கிழக்கு மூலையில் ஓர் ஆள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தான். பின்னால் தாளாளர் அர்த்தநாரி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அவருக்குப் பின்னால் முதல்வர் குழந்தைவேல். புதிதாகக் கட்டியிருக்கும் பெண்கள் விடுதிக்கு ஆழ்துளை போர் போட இடம் பார்க்கிறார்களாம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய இடத்தில் தேங்காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றதாம். உடனே சூடம், ஊதுபத்தி, சுண்ணாம்பில் ஒரு வட்டம்.

இதே கல்லூரியில் நீரியல் துறை என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவி என்று ஒருத்தி இருக்கிறாள். முனைவர் பாவாத்தாள், நான்தான். நிலத்தடி நீரைத் தவிர வேறு எதையும் படிக்காதவள். மே கடைசியில் ஓய்வு பெறப் போகிறவள். விடுதிக்கு எங்கே தண்ணீர் எடுக்கலாம், எங்கே எடுக்கவே கூடாது என்று ஜனவரியிலேயே அறிக்கை கொடுத்தவள். அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. நான் மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற லேப் அட்டெண்டர், "ஆருங் மேடம் அந்தாளு?" என்றார். தெரியாது என்றேன்.

தெரியும். தேங்காயோடு நடந்தவன் என் தம்பி சென்னியப்பன்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவரிடமும் எரிந்து விழுந்தேன். பாவம் அவர்.

ஏப்ரல் 4, வெள்ளி

குழந்தைவேலின் அறைக்குப் போனேன். முதல்வர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். என் மாணவன். எழுந்து நிற்பதில் குறை வைக்கமாட்டான்.

"தேங்காய் வகுப்பு ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்டேன்.

முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் படித்த யாருக்கும் அது மறக்காது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு என் முதல் வகுப்பு எப்போதும் அதுதான். சந்தையில் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு போவேன். கையில் படுக்க வைத்து வகுப்புக்குள் நடப்பேன். மேசை பக்கத்தில் வந்ததும் அது மெல்ல எழுந்து நிற்கும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இந்தத் தரைக்கு அடியில் நீரோட்டம் இருக்கிறது, தரையை இடிக்கலாமா என்று கேட்பேன். பாதிப் பேர் இடிக்கலாம் என்பார்கள். அதற்கப்புறம் கையைத் திருப்பிக் காட்டுவேன். கட்டைவிரல் பக்கத்துத் தசையை இறுக்கி, உள்ளங்கையை ஒரு நூல் சாய்த்தால் போதும், தேங்காய் எழும்பும். நான் தெரிந்து சாய்க்கிறேன். நீரோட்டம் பார்க்கிறவன் தெரியாமல் சாய்க்கிறான். மனது எங்கே தண்ணீர் என்று நினைக்கிறதோ அங்கே தசை இறுகுகிறது. வேறு ஒரு மாயமும் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, தேங்காயை மேசை விளிம்பில் உடைத்து ஆளுக்கு ஒரு சில்லு கொடுப்பேன். குழந்தைவேல் அந்தச் சில்லைத் தின்றவன்.

"எனக்குத் தெரியாதுங்களா மேடம். தாளாளர் ஆசப்படறாரு."

"நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னாக் கேக்கற ஆளுங்களா அவரு? திருச்செங்கோட்டுக்கு போர் வண்டிக்குச் சொல்லியாச்சுங். சித்திரை பொறந்ததும் வந்துரும்."

என் அறிக்கையை எடுத்துக்கொடு என்றேன். அலமாரியில் தேடினான். கிடைக்கவில்லை. அதில் இருப்பது இரண்டே விஷயம். மேற்கே, பஸ் ஷெட் பக்கம் போட்டால் ஒன்றரை இஞ்ச் தண்ணீர் வரும். புல்தரைக்கும் செயற்கை நீரூற்றுக்கும் விடுவதை நிறுத்தினால் விடுதிக்கு அது தாராளம். கிழக்கே போடவே கூடாது. அங்கே பாறைக்குள் ஒரு நீளமான வெடிப்பு ஓடுகிறது. அது நேராகப் போய், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வளவுக் கிணற்றில் திறக்கிறது. எங்கள் விடுதியில் சமைப்பவர்களும் கூட்டுபவர்களும் குடியிருக்கும் வளவு அது. அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான். சுவருக்கு இந்தப் பக்கம் ஆழமாகத் துளைத்துப் பெரிய மோட்டாரைப் போட்டால் அடுத்த கோடைக்குள் கிணறு வறண்டுவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. இந்தப் பக்கம் தண்ணீர் இருக்கும் என்று சொல்ல எதற்குத் தேங்காய்? இரண்டு கண் போதாதா?

ஏப்ரல் 6, ஞாயிறு

சென்னியப்பனை வரச் சொன்னேன். கடைசியாக அவனோடு பேசியது அவன் மகள் கல்யாணத்தில். ஒரு கட்டு முருங்கைக்காயும் ஒரு தூக்குப் போசி நிறைய மோரும் கொண்டுவந்தான். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"காலேஜுக்கு வந்தவன், என்னைப் பாக்கோணும்னு தோணலையாடா?"

"தோணுச்சுங்க்கா. நீங்க சன்னல்ல நின்னீங்க. எறங்கி வருவீங்கன்னு பாத்தேன். வரலீங்க."

டீ போட உள்ளே போய்விட்டேன்.

எங்கள் அப்பா நீரோட்டம் பார்ப்பவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் ஓர் இடத்தைக் குறித்தால் அதோடு முடியாது. துளை போடும் முன்னால் அதே குடும்பத்தில் பிறந்த இன்னொருவர் புதுத் தேங்காயோடு நடந்து பார்க்க வேண்டும். அதற்கு மறுகை என்று பெயர். இருவருக்கும் ஒரே இடத்தில் நின்றால் சரி. மாறி நின்றால் மறுகை சொன்னதே முடிவு. அப்பாவுக்குச் சித்தப்பா மறுகை. சித்தப்பா காய்ச்சலில் படுத்த ஒரு சமயம், நான் வருகிறேன் என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினேன். "பொட்டப்புள்ள கையில தேங்கா நிக்காது" என்றார். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நின்ற இவனைக் கூட்டிப் போனார். இவன் என்னைவிடச் சின்னவன்.

அந்தக் கோபத்தில்தான் நான் நீரியல் படித்தேன். ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று கேட்ட பேட்டியிலெல்லாம் சமுதாயம், வறட்சி என்று ஏதேதோ சொல்லியிருக்கிறேன்.

டீயைக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தேன். தேங்காய் தப்பாக நின்றுவிட்டது, அங்கே தண்ணீர் இல்லை என்று தாளாளரிடம் சொல்லிவிடு என்றேன்.

"நின்னுச்சுங்க்கா. நின்னத நிக்கலீன்னு எப்படிங்க சொல்றது?"

"வளவுக் கெணறு காஞ்சு போயிரும்டா."

"தண்ணி இருக்கற எடத்தக் காட்டறதுதானுங்க என்ற வேல. ஆரு குடிக்கோணும்னு சொல்றது என்ற வேல இல்லீங்க. பொய் சொன்னா அப்பா போட்டாவ எப்படிங்க்கா நிமுந்து பாக்கறது?"

ஊரை ஏமாற்றுகிறான் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவன், பொய் சொல்லமாட்டேன் என்று என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொல்கிறான். பொய் சொல்லச் சொன்னது நான், பேராசிரியை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போடா என்று சொல்லிவிட்டேன். போய்விட்டான். போசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

போகும் முன், வாசலில் அவன் செருப்பை மாட்டும்போது கேட்டேன்: "உனக்கு இப்ப மறுகை ஆரு?"

"சித்தப்பா போனதுல இருந்து ஆரும் இல்லீங்க. பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைல இருக்கறான். இதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு. ஒத்தக் கையோட போறது மனசுக்கு ஒப்பாமத்தான் இருக்குதுங்க்கா."

ஏப்ரல் 8, செவ்வாய்

தாளாளரைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், இளநீர் கொடுத்தார், நான் சொன்ன அத்தனையையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "படிப்பு வேற, கைராசி வேறங்க அம்மிணி" என்றார்.

வளவைப் பற்றிச் சொன்னேன். "நம்ம செவுத்துக்குள்ள இருக்கற தண்ணி நம்முளுது. அவியளுக்கு வேணும்னா பஞ்சாயத்துல லாரி உடுவாங்க."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "சென்னியப்பன் உங்க கூடப்பொறந்தவராமுங்களே. ரத்தத்துலயே இத வெச்சுக்கிட்டு நீங்க என்னமோ மிசினத் தூக்கிட்டு அலையறீங்க."

அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது துறையில் நான் ஒருத்திதான் பெண். பாறையில் கம்பி அடித்து மின்சாரம் விட்டு அளக்கிற வேலைக்கு ஆண்கள் போவார்கள், நீங்கள் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள் என்றார்கள். சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு நானே போனேன். எத்தனை கட்டுரை, எத்தனை நாட்டு மேடை. இவர்கள் அட்மிஷன் புத்தகத்தின் அட்டையில் இன்றைக்கும் என் படம்தான் இருக்கிறது. மிஷினோடு. உலகத்தரம் என்று கீழே எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் தாளாளரின் மேசையில்தான் கிடந்தது. அதன்மேல்தான் இளநீரை வைத்தார்.

ஏப்ரல் 10, வியாழன்

விடுதிச் சமையல்கட்டில் வேலை செய்யும் மாராயி, என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் வந்தாள்.

"செவுத்தோரம் வட்டம் போட்டிருக்கறாங்களேம்மா. அது எங்க கெணத்துக்கு நேரா இருக்குது. எங்க கெணறு என்னாகுமுங்க?"

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். வெடிப்பு எப்படி ஓடுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் இழுபடும் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "தண்ணிக்குன்னே படிச்சவிங்க நீங்க. உங்க பேச்சக் கேக்கமாட்டாங்களா?" என்றாள்.

கேட்பார்கள் என்றேன். நான் நிறுத்துகிறேன், நீ போ என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் நம்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 12, சனி

யாரும் கேட்கவில்லை. ஆட்சிக்குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்காக ஃபோன் செய்து தொண்டை கட்டியதுதான் மிச்சம். இட்லிக்கு மாவு அரைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. போசியைக் கொடுக்கிற சாக்கில் தம்பி வீட்டுக்குப் போனேன். அப்பாவின் படத்துக்குப் பூப் போட்டிருந்தார்கள். சென்னியப்பனைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டேன்.

"உனக்கு மறுகையா நான் வர்றேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"பொட்டப்புள்ள கையில நிக்காதுன்னு அப்பா..."

"அப்பா சொன்னது கெடக்கட்டும். நீ என்ன சொல்ற?"

"வாங்கக்கா" என்றான். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷம் கழித்து அக்காவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். உள்ளே போய் ஐந்தாறு தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தான். அவன் மனைவி வடை போட்டுக் கொடுத்தாள். அவன் சந்தோஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவனை ஏமாற்றப் போகிறேன் என்பதால் அல்ல. அவ்வளவு சந்தோஷப்படுகிறானே என்றுதான்.

மறுகை பார்க்காமல் துளை போடக் கூடாது என்று தாளாளரிடம் அவனே சொல்லிவிட்டான். மறுகை யார் என்று தெரிந்ததும் அவர் ஃபோனிலேயே கும்பிட்டிருப்பார்.

ஏப்ரல் 17, வியாழன்

நடந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, நெற்றியில் அவர்கள் வைத்த திருநீறோடு, கையில் தேங்காயோடு. லேப் அட்டெண்டர், ஆபீஸ் ஆட்கள், பஸ் டிரைவர்கள், என் துறையின் உதவிப் பேராசிரியர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். உதவிப் பேராசிரியர்களில் ஒருத்தி ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தாள். அவளுக்கு நான்தான் பி.எச்டி. வழிகாட்டி.

என் திட்டம் சுலபமானது. சுண்ணாம்பு வட்டத்தில் தேங்காய் கிடந்தபடியே கிடக்கும். மேற்கே பஸ் ஷெட்டுக்குப் போனதும் கையைச் சாய்ப்பேன், நிற்கும். அறிக்கையில் நான் சொன்ன அதே இடம். மிஷின் சொன்னபோது கேட்காதவர்கள் தேங்காய் சொன்னால் கேட்பார்கள்.

வட்டத்துக்குள் போய் நின்றேன். கையை இறுக்கவில்லை. தேங்காய் செத்துக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாலைந்து தலைகள் தெரிந்தன. மாராயியும் நின்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு. சென்னியப்பன் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மேற்கே நடந்தேன். புல்தரையைச் சுற்றி, நீரூற்றைத் தாண்டி. பஸ் ஷெட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அங்கேயே சாய்த்துவிட்டேன். ஷெட்டு வரைக்கும் போயிருக்கலாம், பரவாயில்லை, சில அடிதான், மண் ஒன்றுதான். தேங்காய் எழுந்து குடுமியை நிமிர்த்திக்கொண்டு நின்றது. தாளாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னங் சென்னியப்பா, மாறி நிக்குதே?"

"நின்னுச்சுங். நான் பாத்தனுங்" என்றான் என் தம்பி. "மறுகை சொன்னதே முடிவுங். கெழக்க வேண்டாமுங்."

கிழக்கே போட்ட வட்டத்தை அவனே காலால் அழித்தான். ஜெயித்துவிட்டேன். வளவுக் கிணறு பிழைத்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

குழந்தைவேல் கதவைத் தட்டினான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "மேடம், வகுப்புல நீங்க எப்படிச் சாய்ப்பீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கு உங்க கட்டவெரலயேதான் பாத்துட்டு வந்தேன். வேப்பமரத்துக்கிட்ட நீங்க சாய்க்கவே இல்லீங்களே. அது எந்திருச்சதும் நீங்கதான் திடுக்குனு நின்னீங்க."

போய் உன் வேலையைப் பார் என்றேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

வெயில். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனது. இந்த வயதில் கை நடுங்கத்தான் செய்யும். தசை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 21, திங்கள்

போர் வண்டி வேப்பமரத்துப் பக்கம் நின்று நாள் முழுக்க இரைந்தது. முதலில் வெறும் புகைதான் வந்தது. தாளாளரின் முகம் தொங்கத் தொடங்கியது. பிறகு ஈர மண், பிறகு சேறு, பிறகு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அளந்து பார்த்தார்கள். ஒன்றரை இஞ்ச்.

அறிக்கையில் நான் எழுதியிருந்த அதே அளவு. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒரு குடத்தைப் பிடித்து என் காலில் ஊற்றிவிட்டார்கள். புடவை முழங்கால் வரை நனைந்தது. ஆபீஸ் மேனேஜர் குனிந்து தொட்டுக் கும்பிட்டார். பதவி உயர்வுக்காக நான் விண்ணப்பித்த காலத்தில் என் கட்டுரைகளை எண்ணி, இது போதாதே மேடம் என்று சொன்ன மனிதர் இவர்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

புதுத் தண்ணீரைப் புல்தரைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். நீரூற்றும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் அதுவும் வற்றும், மறுபடி கிழக்கே கண் போகும்.

நேராகத் தாளாளரிடம் போனேன். நீர்மட்டம், ஊறும் வேகம் என்று ஆரம்பித்தேன். கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தினேன். "நீரோட்டத் தண்ணியப் புல்லுக்கு உட்டா ஓட்டம் கோவிச்சுக்கும்னு எங்கப்பா சொல்லுவாருங்க" என்றேன். அப்பா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. அந்த நொடியில் நானே கட்டினேன்.

"அடடா, மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா அம்மிணி" என்று பதறி, தோட்டக்காரரைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொன்னார். நீரூற்றையும் நிறுத்திவிட்டார்கள். புல்தரைக்குத் தண்ணீர் விடாதீர்கள் என்று இந்தக் கல்லூரிக்கு நான் எத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொய், ஒரு நிமிஷம், முடிந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. வயிற்றெரிச்சலில்.

மே 19, திங்கள்

பிரிவுபசார விழாவுக்குப் பேச்சு எழுதி முடித்தேன். எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டேன். மறுகை, பொய், அறிக்கை, எல்லாம். மேடைக்கு ஒரு தேங்காயும் கொண்டுபோகப் போகிறேன். கடைசியாக ஒரு தேங்காய் வகுப்பு, தாளாளருக்கே. அதற்கப்புறம் என்னை என்ன செய்துவிடுவார்கள்?

ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 28, புதன்

சாயங்காலம் வளவுக்குப் போனேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். கோடையிலும் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. மாராயி ஒரு சொம்பு சேந்திக் கொடுத்தாள். பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"உங்க கையி ராசியானதும்மா. எங்க வளவுக்குள்ளயும் ஒருக்கா நடந்து பாருங்க" என்றாள் ஒருத்தி.

இவர்களுமா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேடைக்கென்று பையில் வைத்திருந்த தேங்காயை எடுத்தேன். அன்று கையில் வைத்து நடந்த அதே தேங்காய்தான். என்னவோ, உடைக்காமலே வைத்திருந்தேன். கிணற்று மேட்டில் நின்று தேங்காய் வகுப்பை எடுத்தேன். கட்டைவிரலைக் காட்டினேன், சாய்த்துக் காட்டினேன், ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்துச் சாய்க்க வைத்தேன். சிரித்துக்கொண்டே செய்து பார்த்தார்கள். பிறகு கிணற்றுக் கல்லில் உடைத்துச் சில்லு கொடுத்தேன். மாராயி தின்னவில்லை. கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப அன்னைக்கு எங்க கெணத்துக்காகப் பொய்யிங்களா சொன்னீங்க?"

"ஆமாம்" என்றேன். அதைச் சொன்னபோது நெஞ்சு லேசானது. சனிக்கிழமை மேடையிலும் இதைத்தான் சொல்லப் போகிறேன் என்றேன்.

மாராயி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாள். இதுவரை என்னைத் தொட்டதில்லை அவள்.

"வேண்டாமுங்கம்மா. நீங்க ரிட்டேர் ஆயிட்டுப் போயிருவீங்க. பொய்யின்னு தாளாளருக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே கெழக்க வண்டி வந்து நிக்கும். அப்பறம் எங்களுக்கு ஆரு நடக்கறது?"

மற்றவர்கள் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் எந்த ஆய்வுக் குழுவும் கேட்டதில்லை.

மே 31, சனி

மேடையில் பொன்னாடைகள். தாளாளர் பேசினார். "நம்ம அம்மிணி கையில இப்பேர்ப்பட்ட வித்தை இருக்கறது தெரியாம, இத்தன வருஷம் அந்த டிபார்ட்மெண்டுல போட்டு வீணாக்கிட்டோம்" என்றார். ஒரே கைதட்டல். வெள்ளி முலாம் பூசிய தேங்காய் ஒன்றை மரப்பலகையில் பதித்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். குடுமி மேலே பார்த்து நிற்கிறது. முன் வரிசையில் சென்னியப்பன் புது வேட்டியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தான்.

என்னைப் பேசச் சொன்னார்கள். பேச்சு பைக்குள் இருந்தது. எடுத்து விரித்தேன். ஹாலின் கடைசியில் டிபன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மாராயி, கையை நிறுத்திவிட்டு நின்றாள்.

தாளை மடித்தேன்.

"எங்கப்பா கை" என்று ஆரம்பித்தேன். கிழக்கு மூலையில் எக்காலத்திலும் துளை போடக் கூடாது, போட்டால் நிறுவனத்துக்கே ஆகாது என்றேன். புல்லைப் பற்றியும் சொன்னேன். கை கூப்பி உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் எந்த உரைக்கும் இப்படிக் கைதட்டியதில்லை. ஒவ்வொரு தட்டலும் கன்னத்தில் விழுந்தது.

ஜூன் 23, திங்கள்

குழந்தைவேல் ஃபோன் செய்தான். முதலாண்டுக்கு வகுப்பு தொடங்குகிறதாம். "மேடம், அந்த மொத வகுப்ப மட்டும் நீங்களே வந்து எடுத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

வரமாட்டேன் என்றேன். நீ எடுப்பாயா என்று கேட்டேன்.

"எடுத்தா தாளாளர் காதுக்குப் போயிருமுங்க மேடம்" என்றான்.

"ஆமா. போயிரும்."

வெள்ளித் தேங்காயைப் பரணில் பழைய பேப்பருக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அந்தக் கல்லூரியில் இந்த வருஷம் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, தேங்காய் ஏன் எழுந்து நிற்கிறது என்று யாரும் சொல்லப் போவதில்லை. எவன் தேங்காயோடு வந்து நின்றாலும் நம்புவார்கள். தெரிந்தவள் நான் இங்கே ஃபேனுக்கு அடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று மாராயி பேசினாள். கிணற்றில் ஒரு படிக்கட்டு உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறதாம்.